டிப்ஸும் கூலியும்: அமெரிக்கச் சேவைத் தொழிலில் ஒரு வழக்கத்தின் வரலாறு

முன்னுரை

அமெரிக்காவில் உணவகச் சர்வருக்கு முதலாளி தன் கையிலிருந்து தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, நாடு முழுமைக்குமான சட்டத்தின்படி, மணிக்கு 2.13 டாலர். 1991இல் நடைமுறைக்கு வந்த இந்தத் தொகை இன்றுவரை ஒரு சென்ட்கூட ஏறவில்லை. மற்றத் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். இரண்டுக்கும் இடையிலுள்ள 5.12 டாலரைச் சாப்பிட வந்தவர் டிப்ஸாகக் கொடுத்துவிடுவார் என்று சட்டமே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. மனமுவந்து கொடுப்பதாகச் சொல்லப்படும் காசு கூலிக் கணக்கில் எப்படி ஏறியது? அந்தப் பாதையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டிப்ஸ் பற்றிய பேச்சு பெரும்பாலும் தாராள மனம், கஞ்சத்தனம், நாகரிகம் என்ற வட்டத்துக்குள் நின்றுவிடுகிறது. கொடுப்பவரின் குணத்தைப் பற்றிப் பேசுகிறோம். வாங்குபவரின் சம்பளச் சீட்டைப் பார்ப்பதில்லை. முதலாளி கொடுக்க வேண்டிய கூலியில் ஒரு பகுதி வாடிக்கையாளர் தலையில் ஏற்றப்பட்டதுதான் டிப்ஸின் வரலாறு என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அமெரிக்க வரலாற்றை முதன்மைச் சான்றாகவும், அதற்கு முந்தைய இங்கிலாந்து வழக்கத்தையும் இந்திய நீதிமன்றங்களின் நிலைப்பாட்டையும் ஒப்பீட்டுக்காகவும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

1. இங்கிலாந்துப் பெரிய வீடுகள்

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செல்வந்தர் வீட்டுக்கு விருந்துக்குப் போவது விருந்தாளிக்குச் செலவு பிடித்த காரியம். விடைபெறும்போது வீட்டு வேலையாட்கள் வாசல் கூடத்தில் வரிசை கட்டி நிற்பார்கள். தொப்பியை எடுத்துக் கொடுத்தவர், மேலங்கியை மாட்டிவிட்டவர், சமையல்காரர் என ஒவ்வொருவர் கையிலும் காசு வைத்தாக வேண்டும். ‘வேல்ஸ்’ என்று அழைக்கப்பட்ட இந்தக் காசு, வேலையாட்களின் வருமானத்தில் எதிர்பார்க்கப்பட்ட ஒரு பகுதியாகவே ஆகிப்போனது.

இதை எதிர்த்து எழுதியவர்களில் முக்கியமானவர் ஜோனாஸ் ஹான்வே. 1760இல் நியூகாசில் பிரபுவுக்கு எட்டுக் கடிதங்களாக அவர் தம் கண்டனத்தை எழுதி வெளியிட்டார். அந்தக் காலத்திலிருந்து சொல்லப்பட்டுவரும் ஒரு சம்பவம் உண்டு. நியூகாசில் பிரபுவின் வீட்டில் சாப்பிட்டுக் கிளம்பிய சர் திமோத்தி வால்டோ, சமையல்காரர் கையில் ஒரு வெள்ளி நாணயத்தை வைத்தார். வெள்ளி வாங்குவதில்லை என்று சமையல்காரர் அதைத் திருப்பிக் கொடுத்தார். தங்கம் கொடுக்கும் வழக்கம் தமக்கில்லை என்று சொல்லிவிட்டு, வால்டோ காசைத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கதைதான். ஆனால் சமையல்காரரின் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விஷயம் தெளிவாகும். விருந்தாளி கொடுப்பார் என்ற நம்பிக்கையில் வீட்டுக்காரர் கூலியைக் குறைத்தே வைத்திருந்தார். கூலியைக் கூட்டிக் கொடுத்துவிட்டு இந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்ற யோசனையும் அக்காலத்திலேயே எழுந்தது. காசு வாங்கக் கூடாது என்று எஜமானர்கள் தடை போடத் தொடங்கியபோது வேலையாட்கள் சும்மா இருக்கவில்லை. 1764இல் லண்டனின் ரானலா பூங்காவில், தடைக்குத் துணைபோன எஜமானர்களுக்கு எதிராக அவர்கள் கலகத்தில் இறங்கினார்கள். வருமானத்தில் ஒரு பங்கு பறிபோனதை எதிர்த்த தகராறு அது.

2. உள்நாட்டுப் போருக்குப் பின்

அமெரிக்கா இந்த வழக்கத்தைத் தொடக்கத்தில் வரவேற்கவில்லை. பிரபு, பணியாள் என்ற படிநிலை இல்லாத குடியரசு என்று தன்னைச் சொல்லிக்கொண்ட நாட்டில், ஒரு குடிமகன் இன்னொரு குடிமகனுக்கு இனாம் நீட்டுவது ஐரோப்பியப் பிரபுத்துவத்தின் எச்சமாகப் பார்க்கப்பட்டது. நிலைமை மாறியது 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு. ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போய்வந்த புதுப் பணக்காரர்கள் தங்கள் நாகரிகத்தைக் காட்டிக்கொள்ள அங்கே பார்த்த டிப்ஸ் வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

அது பாதி விளக்கம்தான். பணக்காரர் கொண்டுவந்த பழக்கம் வேர்பிடிக்க, குறைந்த கூலிக்கு வேலை செய்ய ஆட்களும் வேண்டியிருந்தது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தால் அடிமை முறை ஒழிந்து, சுமார் 40 இலட்சம் கறுப்பின மக்கள் விடுதலை பெற்றார்கள். நிலமும் இல்லை, கல்விக்கு வழியும் இல்லை. தொழிற்சாலைக் கதவுகள் பெரும்பாலும் அவர்களுக்கு அடைத்தே கிடந்தன. திறந்திருந்தவை உணவகம், விடுதி, ரயில் ஆகிய இடங்களின் பணிவிடை வேலைகள். அங்கேயும் முதலாளிகள் பெயரளவுக்கே கூலி கொடுத்து, மீதியை வாடிக்கையாளரின் இரக்கத்துக்கு விட்டுவிட்டார்கள்.

அக்கால வெள்ளையர் மனநிலைக்கு ஜான் ஸ்பீட் என்ற பத்திரிகையாளர் 1902இல் எழுதியது சான்று. கறுப்பினத்தார் டிப்ஸ் வாங்குவது அவர்களின் தாழ்ந்த நிலைக்கு அடையாளம், அது இயல்புதான்; ஒரு வெள்ளையருக்குக் காசு நீட்டத்தான் தமக்குக் கூச்சமாக இருந்தது என்ற பொருள்பட அவர் எழுதினார். கூலி இல்லாமல் வாங்கிய உழைப்புக்கும் டிப்ஸுக்கு வாங்கிய உழைப்புக்கும் இடையில் ஒரு தலைமுறைகூடக் கழியவில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

3. புல்மன் போர்ட்டர்

இந்த ஏற்பாட்டைப் பெரிய அளவில் ஒரு தொழில் முறையாகவே ஆக்கியது, 1867இல் ஜார்ஜ் புல்மன் தொடங்கிய ரயில் பெட்டி நிறுவனம். இரவுப் பயணத்துக்கான படுக்கை வசதியுள்ள சொகுசுப் பெட்டிகளை அது ரயில்வேக்களுக்கு நடத்திக் கொடுத்தது. பெட்டிகளில் பணிபுரிய விடுதலை பெற்ற கறுப்பின ஆண்களையே நிறுவனம் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்தது. 1920களில் நாட்டிலேயே கறுப்பினத்தவரை அதிகமாக வேலைக்கு வைத்திருந்த தனியார் நிறுவனங்களில் ஒன்றாக அது வளர்ந்திருந்தது.

ஒரு போர்ட்டரின் வேலையைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்கலாம். ரயில் கிளம்புவதற்குப் பல மணி நேரம் முன்பே வந்து பெட்டியைத் தயார் செய்ய வேண்டும். பயணிகளை வரவேற்று மூட்டைகளை ஏற்ற வேண்டும். இரவானதும் இருக்கைகளை மடக்கி, மேல் படுக்கையை இறக்கி, விரிப்புப் போட்டுத் திரை கட்ட வேண்டும். பயணிகள் தூங்கிய பிறகு அவர்களுடைய காலணிகளைச் சேகரித்துப் பாலிஷ் போட்டு, விடிவதற்குள் அவரவர் படுக்கைக்கு அடியில் வைக்க வேண்டும். அந்தப் பாலிஷ் டப்பாவைப் போர்ட்டர் தன் காசில்தான் வாங்க வேண்டும். தூக்கம் என்பது புகைபிடிக்கும் அறையின் இருக்கையில் கிடைக்கும் சில மணி நேரம். அதற்குள்ளும் அழைப்பு மணி அடித்தால் எழுந்து ஓட வேண்டும். மாதம் 400 மணி நேரம் அல்லது 11,000 மைல் ஓடினால்தான் முழுச் சம்பளம். பெயரைக் கேட்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. முதலாளியின் பெயரைச் சொல்லி எல்லாப் போர்ட்டரையும் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள். அடிமைகளை எஜமானர் பெயரால் அழைத்த வழக்கத்தின் தொடர்ச்சி அது.

1915இல் தொழில் உறவுகள் குறித்த மத்திய ஆணையம் இந்த நிறுவனத்தை விசாரித்தது. சாட்சி சொல்ல வந்தவர்களில் ஒருவர் நிறுவனத்தின் தலைவர் ராபர்ட் டாட் லிங்கன்; அடிமை விடுதலைப் பிரகடனம் செய்த ஆபிரகாம் லிங்கனின் மூத்த மகன். போர்ட்டரின் மாதச் சம்பளம் 27.50 டாலர் என்பது அந்த விசாரணையில் பேசுபொருளானது. குடும்பம் நடத்தப் போதாத சம்பளம் அது. பயணிகளின் டிப்ஸ் மீதியைச் சரிக்கட்டும் என்பதே அதன் அடிப்படை. டிப்ஸ் கிடைக்க வேண்டுமென்றால் சிரிக்க வேண்டும், அவமதிப்பையும் விழுங்க வேண்டும். குறைந்த சம்பளம் நிறுவனத்துக்குச் செலவை மட்டும் மிச்சப்படுத்தவில்லை; மேற்பார்வையாளர் இல்லாமலேயே பணிவையும் வாங்கித் தந்தது.

4. தடைச் சட்டங்கள்

இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் டிப்ஸ் எதிர்ப்பு ஓர் இயக்கமாகவே நடந்தது. டிப்ஸ் கொடுப்பதில்லை என்று உறுதியெடுத்துக்கொண்ட சங்கங்கள் தோன்றின. ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதிகள் அவற்றில் முன்னின்றார்கள். விடுதியிலும் ரயிலிலும் அன்றாடம் காசு இறைக்க வேண்டியிருந்தவர்கள் அவர்கள்தானே. 1916இல் வில்லியம் ஸ்காட் எழுதிய ‘தி இட்சிங் பாம்’ என்ற நூல் இந்த எதிர்ப்புக்குக் கொள்கை விளக்கம் கொடுத்தது. கொடுப்பவரை மேலாகவும் வாங்குபவரைக் கீழாகவும் நிறுத்தும் வழக்கம் ஜனநாயகத்தோடு ஒத்துப்போகாது என்பது அவர் வாதம்.

சட்டமன்றங்களும் களத்தில் இறங்கின. 1909இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸைக் குற்றமாக்கியது. மிசிசிப்பி, ஆர்கன்சா, அயோவா, தென் கரோலினா, டென்னசி போன்றவை அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே வழியில் சென்றன. எதுவும் நிலைக்கவில்லை. அயோவாவில் முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர் மீது போடப்பட்ட வழக்கு அம்மாநில உச்ச நீதிமன்றம்வரை போனது. 1919இல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தது. 1926இல் மிசிசிப்பியும் தன் சட்டத்தை விலக்கிக்கொண்டதோடு இந்த அலை அடங்கியது.

தோல்விக்குக் காரணம் தேட அதிக தூரம் போக வேண்டியதில்லை. இந்தச் சட்டங்கள் கொடுக்கும் கையையும் வாங்கும் கையையும் கட்டப் பார்த்தன. சம்பளம் கொடுக்க வேண்டிய கையைத் தொடவில்லை. டிப்ஸ் நின்றால் தொழிலாளி எதைக் கொண்டு பிழைப்பார் என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை.

இதே காலத்தில் டிப்ஸைத் தாங்கிப் பிடிக்க இன்னொரு காரணமும் சேர்ந்தது. 1920இல் மதுவிலக்கு வந்ததும் உணவகங்களும் விடுதிகளும் மது விற்பனை வருமானத்தை இழந்தன. செலவைக் குறைக்க வழி தேடிய முதலாளிகளுக்கு, சம்பளத்தின் சுமையை வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்ளும் முறை கைகொடுத்தது.

5. தொழிற்சங்கத்தின் நிலைப்பாடு

டிப்ஸுக்கு எதிரான கூர்மையான வாதம், அதை வாங்கிக்கொண்டிருந்தவர்களிடமிருந்தே வந்தது. 1925 ஆகஸ்ட் 25 அன்று நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் படுக்கைப் பெட்டிப் போர்ட்டர்கள் சங்கம் தொடங்கப்பட்டது. தலைவராக வந்த ஏ. பிலிப் ராண்டால்ஃப் போர்ட்டர் அல்ல, பத்திரிகை ஆசிரியர். நிறுவனம் வேலையை விட்டுத் தூக்க முடியாதவர் என்பதே அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம். டிப்ஸை நம்பாமல் வாழக்கூடிய மாதச் சம்பளமும், 400 மணிக்குப் பதில் 240 மணி நேர மாத வேலையும் சங்கத்தின் முதன்மைக் கோரிக்கைகள்.

1927இல் சங்கம் மாநிலங்களுக்கு இடையிலான வணிக ஆணையத்திடம் ஒரு முறையீடு செய்தது. டிப்ஸை எதிர்பார்த்தே நிறுவனம் சம்பளத்தை நிர்ணயிக்கிறது. அப்படியானால் பயணி கட்டும் டிப்ஸ் மறைமுகமான கட்டண உயர்வுதான் என்பது சங்கத்தின் வாதம். இது தன் அதிகார வரம்புக்குள் வராது என்று ஆணையம் 1928இல் கையை விரித்துவிட்டது. ஆனாலும் டிப்ஸைக் கூலிப் பிரச்சினையாக அரசின் முன் வைத்த முயற்சி என்ற வகையில் இந்த முறையீடு முக்கியமானது. சங்கம் தொடங்கிப் பன்னிரண்டாம் ஆண்டில், 1937இல், நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. சம்பளம் உயர்ந்தது, 240 மணி நேர மாதமும் கிடைத்தது. அன்பளிப்பைத் தடை செய்யும் சட்டங்கள் சாதிக்காததைக் கூலிப் பேச்சுவார்த்தை ஓரளவு சாதித்தது.

6. சட்டத்துக்குள் நுழைந்த டிப்ஸ்

1938இல் ரூஸ்வெல்ட் ஆட்சியில் நியாயமான தொழில் தரங்கள் சட்டம் வந்தது. மணிக்கு 25 சென்ட் என்று நாடு முழுமைக்குமான குறைந்தபட்சக் கூலி முதன்முறையாக நிர்ணயமானது. ஆனால் விவசாயக் கூலிகள், வீட்டு வேலையாட்கள், பெரும்பாலான உணவக, விடுதித் தொழிலாளர்கள் அதன் வரம்புக்குள் வரவில்லை. கறுப்பினத்தவரும் பெண்களும் நிறைந்திருந்த தொழில்கள் இவை.

ரயில் நிலையங்களில் மூட்டை தூக்கிய ‘சிவப்புத் தொப்பி’ போர்ட்டர்கள் வரம்புக்குள் வந்தார்கள். அதுவரை அவர்களில் பலருக்குச் சம்பளமே கிடையாது, டிப்ஸ் மட்டும்தான். சட்டம் வந்ததும் நிலைய நிர்வாகங்கள் ஒரு தந்திரம் செய்தன. தினமும் கிடைத்த டிப்ஸைக் கணக்குக் காட்டச் சொல்லி, குறைந்தபட்சக் கூலிக்கு அது எவ்வளவு குறைகிறதோ அதை மட்டும் கொடுத்தன. புளோரிடாவின் ஜாக்சன்வில் நிலையம் தொடர்பான வழக்கில் 1942இல் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்போடு டிப்ஸ் கூலியாகவே எண்ணப்படும் வழி திறந்தது.

1966ஆம் ஆண்டுத் திருத்தம் உணவக, விடுதித் தொழிலாளர்களைக் குறைந்தபட்சக் கூலிப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. அதே கையோடு, கூலியில் பாதிவரை டிப்ஸிலிருந்து ஈடுகட்டிக்கொள்ள முதலாளிக்கு அனுமதியும் கொடுத்தது. பிறகு இந்த விகிதம் ஏறி இறங்கியது. 1991இல் பொதுக் கூலி 4.25 டாலராக இருந்தபோது அதில் பாதியான 2.13 டாலர் முதலாளியின் பங்கானது. 1996இல் பொதுக் கூலியை உயர்த்திய சட்டம், உணவக முதலாளிகளின் வற்புறுத்தலால், சர்வரின் 2.13 டாலரை அப்படியே உறைய வைத்தது. அதுவரை பொதுக் கூலி ஏறினால் சர்வர் கூலியும் கூடவே ஏறும் என்றிருந்த பிணைப்பு அன்று அறுந்தது.

டிப்ஸ் போதாமல் போனால் குறையை முதலாளி நிரப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் எந்த வாரத்தில் எவ்வளவு குறைந்தது என்று கணக்கு வைத்துக்கொண்டு முதலாளியிடம் போய்க் கேட்க வேண்டியவர் அடுத்த வாரம் நல்ல ஷிப்டுக்கு அதே முதலாளியை நம்பியிருக்கும் சர்வர். கூடவே வாடிக்கையாளர் தர வேண்டியதும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பில்லில் 10 சதவீதம் என்றிருந்த வழக்கம், நடுப்பகுதியில் 15 ஆகி, இன்று 20 சதவீதத்தில் நிற்கிறது.

7. மாற்று முயற்சிகளும் மறுப்புகளும்

எல்லா மாநிலங்களும் இந்த இரட்டைக் கூலியை ஏற்கவில்லை. கலிபோர்னியா, வாஷிங்டன், ஆரிகன், நெவாடா, மினசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் முதலாளி முழுக் குறைந்தபட்சக் கூலியையும் கொடுத்தாக வேண்டும். டிப்ஸ் அதற்கு மேல். அங்கே உணவகத் தொழில் படுத்துவிடவில்லை. இந்த முறையை நாடெங்கும் கொண்டுவரப் போராடுபவர்களில் இந்தியக் குடும்பத்தில் பிறந்த சாரு ஜெயராமன் குறிப்பிடத்தக்கவர்.

எதிர்ப்பு முதலாளிகளிடமிருந்து மட்டும் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மெய்ன் மாநில வாக்காளர்கள் 2016இல் இரட்டைக் கூலியை ஒழிக்க வாக்களித்தார்கள். தங்கள் டிப்ஸ் குறைந்துவிடும் என்று அஞ்சிய சர்வர்களே திரண்டு குரல் கொடுக்க, 2017இல் சட்டமன்றம் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவந்தது. நியூயார்க்கின் புகழ்பெற்ற உணவகக்காரர் டேனி மேயர் 2015இல் தம் உணவகங்களில் டிப்ஸை நிறுத்தி, விலையிலேயே சேவையைச் சேர்த்தார். 2020இல் அதைக் கைவிட்டார். பில் தொகை பெரிதாக வரும் உணவகத்தில் மாலை ஷிப்டு பார்ப்பவருக்கு டிப்ஸ் லாபம். சாலையோரச் சிற்றுண்டிக் கடையில் காலை ஷிப்டு பார்ப்பவருக்கு அப்படியில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் நடத்திய ஆய்வுகள், சேவையின் தரத்துக்கும் டிப்ஸ் அளவுக்கும் உள்ள தொடர்பு மிக மெல்லியது என்றும், கறுப்பினச் சர்வர்களுக்கு வெள்ளையரைவிடக் குறைவாகக் கிடைக்கிறது என்றும் காட்டியிருக்கின்றன. உழைப்புக்கு ஏற்ற பரிசு என்ற நியாயமும் இங்கே ஆட்டம் காண்கிறது.

2025 ஜூலையில் நிறைவேறிய வரிச் சட்டம், 2028 வரை ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸுக்கு வருமான வரிச் சலுகை தந்திருக்கிறது. தொழிலாளிக்கு ஆதரவான சட்டமாகவே இது பேசப்பட்டது. முதலாளியின் 2.13 டாலரை அது தொடவில்லை.

8. இந்திய நீதிமன்றங்களின் பார்வை

இதே கேள்வி இந்தியாவிலும் நீதிமன்றம் ஏறியது. பதில் வேறாக வந்தது. விடுதி நிர்வாகம் கார்டு மூலம் வசூலித்து ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிப்ஸ் சம்பளம்தானா, அதற்கு முதலாளி வரி பிடித்தம் செய்ய வேண்டுமா என்ற ஐ.டி.சி. வழக்கில், உச்ச நீதிமன்றம் 2016 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. டிப்ஸ் வாடிக்கையாளர் தருவது. முதலாளி அதை வைத்திருந்து கைமாற்றுபவர் மட்டுமே. ஆகவே அது சம்பளம் ஆகாது என்றது நீதிமன்றம். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலும் டிப்ஸைக் கூலியில் கழித்துக்கொள்ள முதலாளிக்கு இடமிருக்கவில்லை.

பில்லில் தானாகவே சேர்க்கப்படும் சேவைக் கட்டணத்தைப் பற்றியும் தகராறு உண்டு. அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் எதிர்த்து வழக்குப் போட்டன. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஆணையத்தின் பக்கம் நின்றது.

சட்டத்தில் உள்ள தெளிவு நடைமுறையில் இருப்பதாகச் சொல்லிவிட முடியாது. நம் ஊர் உணவகங்களில் பில்லோடு சோம்பும் கற்கண்டும் வைத்த தட்டு வரும். மீதிச் சில்லறையில் பத்தோ இருபதோ அதில் தங்கும். சில இடங்களில் அது சர்வரின் பைக்குப் போகும். சில இடங்களில் பொதுப் பெட்டியில் சேர்ந்து இரவு பங்காகும். இன்று பில்லைக் கைபேசியில் கட்டுபவருக்கு மீதிச் சில்லறை என்பதே இல்லை. “டிப்ஸ் வரும், பார்த்துக்கலாம்” என்று சொல்லிக் குறைந்த சம்பளத்துக்கு ஆள் சேர்க்கும் இடங்களில் இந்த மாற்றத்தின் நட்டம் தொழிலாளிக்குத்தான்.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகளைச் சொல்லலாம். ஒன்று: இங்கிலாந்தின் பெரிய வீடுகளிலும் புல்மன் பெட்டிகளிலும் இன்றைய அமெரிக்க உணவகங்களிலும் டிப்ஸ் வலுப்பெற்ற இடத்திலெல்லாம் கூலி தாழ்ந்தே இருந்தது. இரண்டு: கூலியைத் தொடாமல் டிப்ஸை மட்டும் தடை செய்த சட்டங்கள் அனைத்தும் தோற்றன, கூலியை முன்வைத்த போர்ட்டர் சங்கம் வென்றது. மூன்று: டிப்ஸைக் கூலியாக எண்ணலாம் என்று அமெரிக்கச் சட்டமும், எண்ணக் கூடாது என்று இந்தியச் சட்டமும் முடிவெடுத்தன. இரண்டும் அரசும் நீதிமன்றமும் எடுத்த முடிவுகள். பண்பாடு தானாக விளைவித்தவை அல்ல.

ஆகவே, டிப்ஸ் நல்லதா கெட்டதா என்ற விவாதத்தைவிட, ஒரு ரூபாய்கூட டிப்ஸ் கிடைக்காத நாளிலும் அந்தத் தொழிலாளிக்குச் சட்டப்படியான முழுக் கூலி போய்ச் சேருகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இந்தியச் சட்டம் தந்திருக்கும் பாதுகாப்பு காகிதத்தோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது தொழிலாளர் துறையின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது சங்கங்களின் வேலை. வாடிக்கையாளர் மனமுவந்து கொடுப்பது கூலிக்கு மேல் வர வேண்டும். கூலிக்குப் பதிலாக வரக் கூடாது.